எட்டாததும் இல்லாததும்

1

'அளவை' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. உழக்கு, படி, மரக்கால் என்று அளக்கிற காரியம் ஒன்று. ஒரு விஷயத்தை நான் எப்படி அறிந்தேன், அந்த அறிவு செல்லுமா செல்லாதா என்று சோதிக்கிற காரியம் இன்னொன்று. வடமொழிக்காரர்கள் பிரமாணம் என்றதைத்தான் நம் சாத்திரக்காரர்கள் அளவை என்றார்கள். களத்தில் நெல் அளந்தவனும் மடத்தில் தருக்கம் பேசினவனும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலந்தள்ளியிருக்கிறார்கள். இது தற்செயலாகவே இருக்கட்டும். இந்தக் கட்டுரைக்கு அந்தத் தற்செயல் உதவுகிறது.

சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் பத்து அளவைகள் எண்ணப்படுகின்றன. காண்டல், கருதல், உரை மூன்றும் நமக்குப் பழக்கமானவை. நாலாவதாக அபாவம் என்று ஒன்று வரும், அதாவது இன்மை. பத்தையும் பிறகு மூன்றுக்குள் அடக்கிவிடுகிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் 'இல்லை' என்பதைத் தனியொரு அறியும் வழியாக வைத்து விவாதித்த மரபு இது என்பதை மறக்க வேண்டியதில்லை. இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இல்லாததை எதைக்கொண்டு பார்ப்பது? இதற்குத் தருக்க நூலோர் ஒரு நிபந்தனை போட்டார்கள். அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நிலை இருக்க வேண்டும். அப்போது மட்டுமே, தெரியாமை என்பது இன்மைக்குச் சான்றாகும். பகல் வெளிச்சத்தில் திண்ணையைப் பார்த்து 'செம்பு இல்லை' என்றால் அந்தப் பேச்சு செல்லும். அமாவாசை இருட்டில் அதே திண்ணையைத் தடவிப் பார்க்காமல் 'இல்லைப்பா' என்றால் அது செல்லாது. செம்பு இருக்கலாம், வெளிச்சம்தான் இல்லை.

வானியலாளர்களுக்கும் புள்ளியியலாளர்களுக்கும் கடந்த நாற்பது ஆண்டுகளாக நடந்து வருகிற பேச்சுவார்த்தையை (சண்டை என்றும் சொல்லலாம்) நான் இந்த நிபந்தனையின் வழியாகத்தான் வாசிக்கிறேன். வானத்தைப் பற்றிய கட்டுரை நமக்கு எதுக்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தையின் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் மலைமேலேயே நடந்திருக்கிறது. அதன் முடிவு பாலாற்றுத் தண்ணீர்வரை வருகிறது.

2

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர். பழைய வேலூர் மாவட்டம். 2019க்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம். வைணு பாப்பு தேர்ந்த இடம் இது. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை ஆரம்பமானது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டபோது பாப்பு உயிரோடு இல்லை; அவர் பெயரை அதற்கு வைத்தார்கள்.

1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு போனது. அதைக் காவலூரிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் பார்த்தார்கள். மறைக்கிற பொருளுக்குக் காற்று மண்டலம் இல்லையென்றால் விண்மீனின் ஒளி கத்தியால் வெட்டினாற்போல நிற்கும். காற்று இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி நிற்கும். மங்கியது என்று இந்திய, பிரிட்டிஷ், அமெரிக்க வானியலாளர்கள் சேர்ந்து அறிவித்தார்கள். கானிமீடில் மெல்லிய காற்று இருக்கிறது, அதன் அழுத்தம் ஏறத்தாழ 1 மைக்ரோபார், அதாவது நம் பூமிக் காற்றின் அழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது அவர்கள் கணக்கு.

1979இல் வாயேஜர் 1 வியாழனைக் கடந்தபோது இதே மாதிரியான இன்னொரு மறைப்பைப் புற ஊதா ஒளியில் பார்த்தது. காற்று அகப்படவில்லை. ஆனால் அவர்கள் வெளியிட்ட வாக்கியம் 'இல்லை' என்பது கிடையாது. 'இருந்தாலும் இதற்கு மேல் இல்லை' என்று ஒரு உச்சவரம்பைக் கொடுத்தார்கள். அந்த வரம்பு 1972 கணக்கைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு குறைவு. பிறகு 1995இல் ஹப்பிள் தொலைநோக்கி கானிமீடில் ஆக்ஸிஜனின் தடயத்தைப் பிடித்தது. அந்தக் காற்று வாயேஜர் போட்ட வரம்புக்கும் கீழே, அவ்வளவு மெல்லிசாக இருந்தது.

இந்த மூன்று பிரதிகளையும் சேர்த்து வைத்து நம் ஆட்கள் இரண்டு விதமான கதை சொல்வார்கள். காவலூர்க்காரர்கள் அவசரப்பட்டு உளறினார்கள், வெள்ளைக்காரன் திருத்தினான் என்பது ஒரு கதை. காவலூர்தான் முதல்ல சொன்னது, கடைசியில் அதுதான் ஜெயித்தது என்பது தேசபக்திக் கதை. இரண்டுமே பிரதியைப் படிக்காத கதைகள். 1972இல் சொன்ன எண்ணை 1995 காப்பாற்றவில்லை. ஹப்பிள் கண்ட காற்று அந்தக் காற்று இல்லை. 1979இல் காற்றே கிடையாது என்று புரிந்துகொண்டவர்களும் தோற்றார்கள். மூன்றில் அன்றும் இன்றும் செல்லுபடியாகிற வாக்கியம் ஒன்றுதான்: 'இதற்கு மேல் இல்லை' என்பது. தன் கண் எவ்வளவு தூரம் எட்டும் என்பதையும் சேர்த்து எழுதிய வாக்கியம் என்பதால் அது பிழைத்தது.

1977 மார்ச் 10 அன்று நடந்ததும் இதே வகைதான். யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கியபோது காவலூரில் அந்த மீனின் ஒளி சில விநாடிகள் சட்டென்று விழுந்து எழுந்தது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை முதலில் புதிய துணைக்கோள் ஒன்றின் நிழலாக வாசித்தார்கள். பறக்கும் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவுக்குக் கோளின் இரண்டு பக்கமும் ஒளி விழுந்து எழுந்தது தெரிந்தது. வளையங்கள் என்ற முடிவு அப்படித்தான் உறுதியானது. அதே ஆண்டிலேயே காவலூர்த் தரப்பும் வளையம் என்ற வாசிப்புக்கு வந்து எழுதியது. ஒரே ஒரு ஒளிக்குறைவை வைத்துக்கொண்டு துணைக்கோளா வளையமா என்று தீர்க்க முடியாது.

இங்கே தமிழ் படித்தவனுக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் போகாது. தூரத்தில் வருவது ஆணா பெண்ணா என்று தெரியவில்லையென்றால் பன்மையில் சொல்லு, அந்தியில் நிற்பது கட்டையா ஆளா என்று தெரியவில்லையென்றால் பொதுவாக 'உரு' என்று சொல்லு என்று கிளவியாக்கத்தில் விதி இருக்கிறது. ஐயத்துக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார்கள். ஐயத்தை மறைக்காதே, ஐயம் என்பதால் வாயையும் மூடிக்கொள்ளாதே, உனக்குத் தெரிந்த அளவுக்குச் சரியாகிற ஒரு சொல்லைத் தேடு என்பது அதன் உட்பொருள். புள்ளியியல் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது எண்களால் எழுதப்பட்ட ஐயக்கிளவி.

3

அப்படியானால் இலக்கணக்காரனும் பேசுகிறவனும் ஏன் தனித்தனி ஆட்கள் ஆனார்கள்? ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1801இல் முதல்நாள் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு சூரிய ஒளியில் தொலைந்துபோன சீரிஸ் என்ற சிறுகோளை, கிடைத்த சில அளவுகளிலிருந்து கணக்குப் போட்டு எங்கே தேட வேண்டும் என்று சொன்னவர் காஸ். அந்த ஆண்டு முடிவதற்குள் அது அகப்பட்டது. மீச்சிறு வர்க்க முறையை 1805இல் லெஜாந்தரும் 1809இல் காஸும் வெளியிட்டார்கள். இருவருடைய கையிலும் அது வானத்துக் கோள்களின் பாதையைக் கணிக்கிற கருவி. வானம் பார்த்தவனும் பிழைக்குக் கணக்கு எழுதினவனும் அன்றைக்கு ஒரே ஆள்.

ஆனால் பிழைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதில் கூலிக்காரன் வருகிறான். 1796இல் கிரீனிச் வான்நோக்ககத்தில் மாஸ்கலின் தன் உதவியாளர் கின்னபுரூக்கை வேலையைவிட்டு அனுப்பினார். விண்மீன் கம்பியைத் தாண்டுகிற நேரத்தை அந்த ஆள் எஜமானரைவிட 0.8 விநாடி பிந்திக் குறித்தான் என்பது குற்றம். எஜமானரின் நேரம் சரி, வேலைக்காரனின் நேரம் பிழை. இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கால் நூற்றாண்டுக்குப் பிறகு பெசல் இதைத் திரும்பப் படித்து, இரண்டு திறமையான ஆட்கள் பார்த்தாலும் நேரம் வேறுபடும், அந்த வேறுபாட்டை அளக்கலாம், கணக்கில் கழிக்கலாம் என்று காட்டினார். அதாவது மாஸ்கலினுக்கும் ஒரு பிழை உண்டு. அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவனுடைய அளவே 'உண்மை' ஆகிற ஒரு சொல்லாடலை, கணக்குத் தெரிந்த ஒரு வானியலாளர் உடைத்த இடம் இது. கின்னபுரூக்குக்கு அதனால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

அடுத்த திருப்பம் நல்லதாக இல்லை. பிரஸ்ஸல்ஸ் வான்நோக்ககத்தை உருவாக்கிய கெத்தலே, வானியலில் படித்த பிழை விதியைக் கீழே கொண்டுவந்து மனிதர்கள்மேல் போட்டார். ஒரு விண்மீனின் இடத்தைப் பலமுறை அளந்தால் அளவுகள் ஒரு நடு எண்ணைச் சுற்றி மணி வடிவில் விழும். நடு எண்தான் உண்மை, மற்றவை பிழை. 5,738 ஸ்காட்லாந்துச் சிப்பாய்களின் மார்பு அளவுகளும் அதே வடிவில் விழுந்ததைக் கண்டவுடன், இயற்கை ஒரு 'சராசரி மனிதனை' குறிவைத்து எய்கிறது, நாமெல்லாம் தவறிய அம்புகள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஒரே மீனைப் பலமுறை அளப்பதும், பல மனிதர்களை ஒவ்வொரு தடவை அளப்பதும் வேறு வேறு காரியம் என்பது அந்த அழகான வளைகோட்டில் மறைந்துபோனது. முதலாவதில் சிதறல் என்பது பிழை. இரண்டாவதில் அது வித்தியாசம். வித்தியாசத்தைப் பிழையாக வாசிக்கக் கற்றுக்கொண்ட ஐரோப்பா அதற்குப் பிறகு யாரையெல்லாம் 'இயல்பு பிறழ்ந்தவர்' ஆக்கியது என்பதை ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் ஊருக்கும் அது வந்தது. ரிஸ்லி வங்காளத்தில் மூக்கை அளந்து சாதிக்கு வரிசை எண் போட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் இங்கே பறையர் மூக்கையும் பார்ப்பார் மூக்கையும் கருவி வைத்து அளந்து சராசரி எழுதினார்; 1909இல் அவருடைய ஏழு தொகுதிகள் வெளிவந்தன. மகலனோபிஸ் தன் புகழ்பெற்ற 'தூரம்' என்ற கருத்துக்கு வந்து சேர்ந்ததும் கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளில் ஆரம்பித்துத்தான். 1936இல் அதைப் பொதுமையாக எழுதினார். ஐக்கிய மாகாணத்தில் 1941இல் எடுத்த சாதிவாரி உடல் அளவுகளை மகலனோபிஸ், மஜும்தார், சி.ஆர். ராவ் மூவரும் சேர்ந்து ஆராய்ந்து 1949இல் வெளியிட்டார்கள். அதே தூரக் கணக்கைக்கொண்டு இன்று ஒரு விண்மீன் ஒரு கொத்தைச் சேர்ந்ததா, வழிப்போக்கனா என்று பார்க்கிறார்கள். வானத்திலிருந்து இறங்கின கணக்கு, ரிஸ்லியும் தர்ஸ்டனும் நடந்த பாதையிலேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு வானத்துக்குத் திரும்பியிருக்கிறது. அதனால் அந்தச் சூத்திரம் தீட்டுப்பட்டுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சூத்திரம் கத்தி மாதிரி. ஆனால் கத்தி எந்தெந்தக் கையில் இருந்தது என்று தெரியாமல் வாங்குகிறவனை விவரமான ஆள் என்று சொல்ல மாட்டோம்.

4

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு துறைகளும் முகம் பார்க்காமல் இருந்தன என்பது கொஞ்சம் மிகை. சந்திரசேகர் 1943இல் இயற்பியலிலும் வானியலிலும் உள்ள தற்செயல் சிக்கல்களைப் பற்றி எழுதினார். ஐம்பதுகளில் நெய்மனும், வானியலில் பட்டம் பெற்றுப் புள்ளியியலுக்கு வந்த எலிசபெத் ஸ்காட்டும் விண்மீன் மண்டலங்கள் கொத்துக் கொத்தாகக் கிடப்பதற்கு மாதிரி அமைத்தார்கள். ஆனால் அன்றாட வேலையில், வானியலாளர் தனக்கு வேண்டிய கணக்கைத் தானே செய்துகொண்டார். புள்ளியியலாளர் விவசாயத்துக்கும் மருத்துவத்துக்கும் போய்விட்டார்.

எழுபதுகளின் கடைசியில் எக்ஸ்ரே தொலைநோக்கிகள் விண்வெளிக்குப் போனபோது ஒரு பழைய சங்கடம் பெரிதாகித் தலைதூக்கியது. ஏற்கெனவே தெரிந்த நூறு பொருள்களைப் பார்க்கப் போகிறோம். அறுபதில் எக்ஸ்ரே தெரிகிறது. நாற்பதில் தெரியவில்லை, 'இதற்கு மேல் இல்லை' என்ற வரம்பு மட்டும் கிடைக்கிறது. நாற்பதையும் என்ன செய்வது? தெரிந்த அறுபதை மட்டும் வைத்துச் சராசரி போட்டால் வானமே பிரகாசமான பொருள்களால் ஆனது என்று முடிவு வரும். நாற்பதுக்கும் பூஜ்யம் போட்டால் வானம் இருண்டுபோகும். வரம்பையே அளவாக எடுத்தால் அது நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற பொய்.

இந்தக் கேள்வியோடு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் எரிக் ஃபீகல்சன் புள்ளியியலாளர்களிடம் போனார். அவரும் புள்ளியியலாளர் பால் நெல்சனும் 1985இல் எழுதிய கட்டுரை சொன்ன பதில் இதுதான்: இது மருத்துவமனையில் ஏற்கெனவே தீர்த்த கணக்கு.

மருத்துவமனைக் கணக்கைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும். கற்பனையாகப் பத்து நோயாளிகளை வைத்துக்கொள்வோம். முதல் வருஷம் இரண்டு பேர் இறக்கிறார்கள். இரண்டாம் வருஷம் நாலு பேர் சிகிச்சைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள்; ஊர் மாறினார்களா, வண்டிச் சத்தம் இல்லையா, தெரியாது. மூன்றாம் வருஷம் மிச்சமிருக்கிற நாலு பேரில் இரண்டு பேர் இறக்கிறார்கள். மூன்று வருஷம் பிழைக்கிற வாய்ப்பு எவ்வளவு? வராத நாலு பேரை ஆரம்பத்திலிருந்தே பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் ஆறில் இரண்டு, அதாவது 33 சதவீதம். அவர்கள் எல்லாரும் உயிரோடு இருப்பதாக வைத்தால் 60. எல்லாரும் போய்ச் சேர்ந்ததாக வைத்தால் 20. கப்லானும் மையரும் 1958இல் காட்டிய வழி வேறு. ஒவ்வொருவரும் நம் கண்ணில் இருந்த நாள்வரைக்கும் அவரைக் கணக்கில் வை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி எதையும் கற்பனை செய்யாதே. முதல் கட்டத்தில் பத்தில் எட்டு, கடைசிக் கட்டத்தில் நாலில் இரண்டு; பெருக்கினால் 40 சதவீதம். வராமல் போனவர்கள் முதல் வருஷம் உயிரோடு இருந்தார்கள் என்ற தகவல் வீணாகவில்லை. அவர்களைக் கொல்லவும் இல்லை, சாகாவரம் கொடுக்கவும் இல்லை. வராமல் போனது நோயின் கடுமையால் அல்ல என்று ஒரு அனுமானம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் கணக்குப் போடுகிறவனின் பொறுப்பு.

தெரியாத விண்மீன் என்பது வராமல் போன நோயாளி. ஒன்றில் 'இவ்வளவு நாளுக்கு மேல்' என்று மட்டும் தெரியும், இன்னொன்றில் 'இவ்வளவு ஒளிக்குக் கீழ்' என்று மட்டும் தெரியும். கணக்கைத் திருப்பிப் போட்டால் இரண்டும் ஒன்றுதான். வேலூர் நகரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் உயிர்ப் புள்ளியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. மலைமேல் காவலூர். இரண்டு இடத்திலும் ஒரே சூத்திரத்துக்கு வேலை இருக்கிறது என்பது நம் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஃபீகல்சனும், கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் படித்த ஜோகேஷ் பாபுவும் சேர்ந்து 1991இல் நவீன வானியலின் புள்ளியியல் சவால்கள் பற்றிய மாநாட்டை ஆரம்பித்தார்கள். 1996இல் இரண்டு பேரும் எழுதிய நூல் இந்தக் கூட்டுத் துறைக்குப் பெயரே கொடுத்தது. 2003இல் அதற்கென்று ஒரு மையம். 2008 ஜூலையில் அந்தப் பல்கலைக்கழகமும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் சேர்ந்து ஒரு வானியல் புள்ளியியல் பள்ளியைக் காவலூரிலேயே நடத்தின. புள்ளியியலாளர்கள் மலையேறி வந்து பாடம் நடத்தினார்கள்.

இந்த மலையேற்றத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால் இந்தக் கூட்டில் ஒரு படிநிலை ஒளிந்திருக்கிறது. நம் தோல் மண்டிகளில் மேஸ்திரி உண்டு, கணக்குப்பிள்ளை உண்டு. தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவனுக்குத் தோல் தெரியும்; கணக்குப்பிள்ளைக்குச் சதுர அடி தெரியும். கணக்குப்பிள்ளை தொட்டிப் பக்கம் வரமாட்டார், மேஸ்திரி பேரேட்டைப் பார்க்கமாட்டார். வானியலாளர் பல சமயம் புள்ளியியலாளரைக் கணக்குப்பிள்ளையாகத்தான் கூப்பிடுகிறார்: எல்லாம் முடிந்த பிறகு, 'இந்த எண்ணைக் கொஞ்சம் சரிபார்த்துக் கொடுங்க' என்று. புள்ளியியலாளரும் பல சமயம், எண் எந்தக் கருவியிலிருந்து வந்தது, அன்று ராத்திரி மேகம் இருந்ததா, யார் எதைக் கழித்தார்கள் என்று கேட்காமல் தேற்றத்தை நிரூபித்துவிட்டுப் போய்விடுகிறார். முதல் வகைக் கூட்டில் எட்டாதது இல்லாததாக எழுதப்படும். இரண்டாம் வகையில், கெத்தலேவுக்கு நடந்தது போல, வித்தியாசம் பிழையாக எழுதப்படும். இந்த இரண்டு பாவங்களையும் ஒருவரை ஒருவர் தடுக்கிற உறவுக்குத்தான் கூட்டு வேலை என்று பெயர் வைக்க முடியும்.

வானியலாளர் கையேந்துகிற தரப்பு மட்டும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1971இல் லிண்டன்-பெல் என்ற வானியலாளர் குவேசார்களுக்காக ஒரு முறையைத் தானே கண்டுபிடித்து எழுதினார். வரம்புக்குக் கீழே இருப்பவை பட்டியலுக்குள்ளேயே வராதபோது எப்படிக் கணக்கிடுவது என்பது அதன் பொருள். பதினாலு வருஷம் கழித்து, 1985இல், உட்ரூஃப் என்ற புள்ளியியலாளர் அதன் கணித அடிப்படையை நிறுவினார். இந்த இடத்தில் மேஸ்திரிதான் பேரேடு எழுதக் கற்றுக்கொடுத்தார்.

5

லிண்டன்-பெல் தொட்ட சிக்கல் ஃபீகல்சன் தொட்டதைவிட ஆழமானது. வேறுபாட்டை இப்படிச் சொல்லலாம். தொழிற்சாலை மஸ்டர் ரோலில் ஒருவன் பெயர் இருக்கிறது, இன்றைக்கு ஆள் வரவில்லை, எதிரில் ஆப்சென்ட் போட்டிருக்கிறது. அவனைப் பற்றி நமக்குக் குறைவாகத்தான் தெரியும், ஆனாலும் அவன் ஒருவன் உண்டு என்பது தெரியும். அவனைக் கணக்கில் கொண்டுவரக் கப்லானும் மையரும் போதும். மஸ்டர் ரோலிலேயே பெயர் இல்லாத ஆள் வேறு. அவன் வரவில்லை என்பதுகூட எங்கேயும் பதிவாகாது. வானத்தில், மங்கலான பொருள்கள் தொலைவில் இருந்தால் பட்டியலுக்கே வராது. ஆகவே தொலைவில் இருப்பவை எல்லாம் பிரகாசமானவை என்று பட்டியல் நம்மிடம் பொய் சொல்லும். பட்டியல் எப்படித் தயாரானது என்பதைப் பட்டியலுக்கு வெளியே நின்று தெரிந்துகொண்டால் ஒழிய இதிலிருந்து தப்ப முடியாது.

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஷூ ஏற்றுமதிக் கணக்கில் வருகிறது; தைத்த கை எந்த மஸ்டர் ரோலிலும் இல்லை. தொழிலாளர்களின் நிலைமையைப் பற்றி ஒருவர் ஆய்வு செய்ய வந்து, கம்பெனியின் பதிவேட்டிலிருந்து மாதிரி எடுத்து, எல்லாக் கணக்கையும் சுத்தமாகப் போட்டாலும் அந்தப் பெண்கள் அதில் இருக்க மாட்டார்கள். பதில் எண் கொஞ்சம் கூடக் குறையப் போகும் என்பது இங்கே பிரச்னை இல்லை; அவர்கள் இல்லாத ஒரு உலகத்துக்கு அந்த எண் சரியாக இருக்கும் என்பதுதான் பிரச்னை. 'விளிம்பு' என்ற சொல்லை நாம் சிற்றிதழ்களில் எவ்வளவோ எழுதியாயிற்று. விளிம்புக்கு உள்ளே மங்கலாகத் தெரிகிறவர்கள் வேறு, விளிம்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பதே பதிவாகாதவர்கள் வேறு. இந்த இரண்டையும் பிரிக்க நம்மிடம் இரண்டு சொல் இல்லை. வானியலாளரும் புள்ளியியலாளரும் சேர்ந்து இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

6

கடைசியாகத் தண்ணீர். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததைப் பற்றிய வழக்கு. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கேடு வரும் என்பது அறிவியல்படி முழுக்க நிச்சயமாகவில்லை என்பதைச் சாக்காகச் சொல்லித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தன் செயலால் கேடு இல்லை என்று நிரூபிக்கிற பாரம் தொழில் நடத்துகிறவன்மேல் என்பது அதன் சாரம். தருக்க நூலோர் பாஷையில் சொன்னால், 'இல்லை' என்கிறவன் முதலில் வெளிச்சம் இருந்ததைக் காட்ட வேண்டும்.

ஆனால் சட்டம் மாற்றிவைத்த பாரம் பரிசோதனைத் தாளில் திரும்ப இடம் மாறிவிட முடியும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஒரு கருவியின் கண் 0.1க்குக் கீழே எட்டாது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கருவி 'கண்டறியப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தால், தண்ணீர் சுத்தமாகவும் இருக்கலாம், அனுமதித்த அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு குரோமியத்தோடும் இருக்கலாம். தாள் இரண்டையும் பிரிக்காது. ஆனால் அதைப் படிக்கிறவர்கள் 'இல்லை' என்றுதான் படிப்பார்கள். பத்து கிணற்றில் மூன்றில் எண்ணும் ஏழில் 'கண்டறியப்படவில்லை'யும் வந்தால், ஏழுக்கும் பூஜ்யம் போட்டுச் சராசரி எடுக்கிறவர்கள் உண்டு, வரம்பில் பாதியைப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஊகம். டென்னிஸ் ஹெல்சல் என்ற நீரியல் புள்ளியியலாளர் 2005இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதி, மருத்துவமனையின் கணக்கைத் தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள் என்று வாதாடினார். மருத்துவமனையிலிருந்து வானத்துக்குப் போன அதே கணக்குதான்.

அறிவியலைப் பற்றி நம் சிற்றிதழ்களில் இரண்டு மனோபாவம்தான் அதிகம். ஒன்று, எண் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவது. இன்னொன்று, எண் என்றாலே அதிகாரத்தின் வேலை என்று தள்ளிவிடுவது. கெத்தலேயும் தர்ஸ்டனும் இரண்டாவது மனோபாவத்துக்குப் போதுமான நியாயம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எண்ணைத் தள்ளிவிடுகிறவன், 'கண்டறியப்படவில்லை' என்ற தாளை எதிர்த்துப் பேச முடியாமல் வெறுங்கையோடு நிற்பான். வாயேஜர் எழுதிய மாதிரி, தன் எல்லையைத் தானே சேர்த்துச் சொல்கிற ஒரு வாக்கிய வகை இருக்கிறது. அதை வானியலாளர் தனியாக உருவாக்கவில்லை, புள்ளியியலாளரும் தனியாக உருவாக்கவில்லை. சேர்ந்து, சண்டை போட்டு உருவாக்கினார்கள். அந்த வாக்கிய வகை நம் கைக்கு வர வேண்டும்.

அதற்கு மலையேறக்கூட வேண்டியதில்லை. அடுத்த தடவை ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ தண்ணீர்ப் பரிசோதனைத் தாளைக் காட்டி 'ஒண்ணும் இல்லைங்க' என்று சொன்னால், எவ்வளவுக்குக் கீழே இல்லை என்று கேட்க வேண்டும். அந்த எண்ணையும் தாளிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும்.